லினக்ஸ் நிறுவ பூட் ஃபிளாப்பி தயாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்த பென்டியம் பெட்டியைத் தூசு தட்டி எடுத்து, அதில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இது. எடுத்துக்காட்டுக்கு இரண்டு வெளியீடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2003 மார்ச் கடைசியில் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9. இன்னொன்று 2005 ஜூனில் வந்த, சார்ஜ் என்று அழைக்கப்பட்ட டெபியன் 3.1. இரண்டிலும் ஃபிளாப்பியில் இருந்து பூட் செய்து (அதாவது கணினியை எழுப்பி) நிறுவும் வழி அதிகாரப்பூர்வமாகவே இருந்தது. மற்ற வெளியீடுகளில் கோப்புப் பெயர் மாறும், வேலை அதேதான்.

சிடியில் இருந்தே பூட் ஆகுமே, ஃபிளாப்பி எதற்கு?

ஆகிறதென்றால் தேவையே இல்லை. சிடியைப் போட்டு நிறுவுங்கள், இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

சிடியில் இருந்து பூட் செய்வதற்கான எல் டோரிடோ விதிமுறையை ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1995-ல்தான் வெளியிட்டன. அதற்கு முந்தைய மதர்போர்டுகளில் கணினியை எழுப்பும் பயாஸ் என்ற நிரலுக்கு அந்த வித்தையே தெரியாது. அடுத்த சில ஆண்டுகளில் வந்தவற்றிலும் அது சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. சிடி டிரைவே இல்லாத பழைய லேப்டாப்புகளும் உண்டு. இப்படிப்பட்ட பெட்டிகளுக்குத்தான் ஃபிளாப்பி. சொல்லப்போனால், பூட் ஆகும் பழைய சிடிகள் பலவற்றின் உள்ளேயும் ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பி இமேஜ்தான் (முழு வட்டின் நகலான ஒரே கோப்பு) இருக்கும். பயாஸ் அதை ஃபிளாப்பி என்று நினைத்துக்கொண்டே படிக்கும்.

ஒரு ஃபிளாப்பியில் லினக்ஸ் முழுவதும் அடங்குமா?

அடங்காது. அதில் இருப்பது லினக்ஸின் மையமான கர்னல், இனிட்ஆர்டி என்ற சிறிய தற்காலிகக் கோப்பு முறைமை, அவற்றை ஏற்றிவிடும் சிஸ்லினக்ஸ் என்ற பூட் லோடர், அவ்வளவே. பெட்டியை எழுப்பி, சிடியையோ நெட்வொர்க்கையோ ஹார்டு டிஸ்கையோ கண்டுபிடிக்கும் வரைதான் ஃபிளாப்பியின் வேலை. மற்றதெல்லாம் அங்கிருந்து வரும்.

முழு லினக்ஸையும் ஃபிளாப்பியிலேயே விநியோகித்த காலமும் இருந்தது. 1993-ல் வந்த முதல் ஸ்லாக்வேர் 24 ஃபிளாப்பிகள். இருபதாவதில் ஒரு செக்டர் (வட்டின் ஒரு சிறு துண்டு) கெட்டுப்போயிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இமேஜ் கோப்பை ஃபிளாப்பியில் காப்பி செய்தேன். பூட் ஆகவில்லை. ஏன்?

ஃபிளாப்பி கேள்விகளில் பாதி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1.44 எம்பி ஃபிளாப்பியில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 டிராக் (வட்டப் பாதை), டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட் வரும். இமேஜ் கோப்பின் அளவும் அச்சு அசலாக இதுவே. தற்செயல் இல்லை. முதல் செக்டர் தொடங்கி 2,880-வது செக்டர் வரை வட்டில் என்னென்ன இருக்க வேண்டுமோ அதெல்லாம் வரிசையாக அந்தக் கோப்பில் இருக்கிறது. அதைச் செக்டர் செக்டராக வட்டின் மேல் இறக்க வேண்டும்.

பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டின் முதல் செக்டரை மட்டும் நினைவகத்துக்கு எடுத்து வரும், அதன் கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று பெரும்பாலும் பார்க்கும், அதிலுள்ள நிரலை ஓடவிடும். நீங்கள் காப்பி செய்த வட்டில் முதல் செக்டர் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயக்க முறைமை) ஃபார்மட் போட்டு வைத்ததாகவே இருக்கும். அது “நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்” என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இந்தச் செய்தி வந்தால் இமேஜ் வட்டில் இறங்கவே இல்லை என்று பொருள்.

உண்மையில் காப்பி செய்யவே முடிந்திருக்கக் கூடாது. டாஸ் ஃபார்மட் போட்ட ஃபிளாப்பியில் காலியிடம் 14,57,664 பைட்தான். பூட் செக்டர், கோப்பு அட்டவணை, மூல அடைவு மூன்றுமாக 33 செக்டர்களை எடுத்துக்கொள்கின்றன. இமேஜ் அதற்குள் நுழையாது. “டிஸ்க் ஃபுல்” என்று வராமல் காப்பி முடிந்துவிட்டதென்றால், நீங்கள் இறக்கிய கோப்பே முழுமையாக இல்லை. முதலில் அதன் அளவைப் பாருங்கள்.

எந்த இமேஜை எடுப்பது?

ரெட் ஹாட் 9 என்றால் முதல் சிடியில் இமேஜஸ் என்ற கோப்புறையைத் திறங்கள். பூட்டிஸ்க்.ஐஎம்ஜி கட்டாயம். சாதாரண ஐடிஇ சிடி டிரைவில் இருந்து நிறுவ அது ஒன்றே போதும். நெட்வொர்க் வழியாக நிறுவுவதானால் டிஆர்விநெட்.ஐஎம்ஜி, ஸ்கஸி (வட்டுகளை இணைக்கும் ஒரு பழைய முறை) கார்டு இருந்தால் டிஆர்விபிளாக்.ஐஎம்ஜி, லேப்டாப்பின் பிசிஎம்சிஐஏ கார்டு வழியாக என்றால் பிசிஎம்சிஐஏடிடி.ஐஎம்ஜி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபிளாப்பி வேண்டும்.

சார்ஜில் பூட்.ஐஎம்ஜி, ரூட்.ஐஎம்ஜி இரண்டும் கட்டாயம். சிடி வழி என்றால் சிடி-டிரைவர்ஸ்.ஐஎம்ஜி, நெட்வொர்க் என்றால் நெட்-டிரைவர்ஸ்.ஐஎம்ஜி கூடச் சேரும். டெபியனின் காப்பகத் தளத்தில் இவை இன்றும் கிடைக்கின்றன.

டாஸ் அல்லது விண்டோஸ் 98-ல் எப்படி எழுதுவது?

ரெட் ஹாட் சிடியின் டாஸ்யூட்டில்ஸ் கோப்புறையில் ராரைட் என்ற சிறிய நிரல் இருக்கிறது. அதை ஓடவிட்டால் மூன்றே விஷயம் கேட்கும். முதலில் இமேஜ் கோப்பின் பெயர், அடுத்து எந்த டிரைவ் (ஏ என்று கொடுங்கள்), அப்புறம் ஃபார்மட் செய்த ஃபிளாப்பியைப் போட்டு என்டர் தட்டச் சொல்லும்.

டாஸில் கோப்புப் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. டெபியனின் சிடி-டிரைவர்ஸ், நெட்-டிரைவர்ஸ் இரண்டும் தாண்டும். “கோப்பு இல்லை” என்று ராரைட் அடம்பிடித்தால் பெயரைச் சுருக்கி வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

விண்டோஸ் 2000, எக்ஸ்பியில் டாஸ் ராரைட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ராரைட்டுக்கு விண்டோஸ் பதிப்பு தனியாக உண்டு, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில்?

டிடி கட்டளை போதும். ஐஎஃப் என்ற இடத்தில் இமேஜ் கோப்பு, ஓஎஃப் என்ற இடத்தில் டெவ் கோப்புறையின் எஃப்டி0, பிஎஸ் என்ற இடத்தில் 1440கே. ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) இருக்க வேண்டும், அல்லது ஃபிளாப்பியில் எழுத அனுமதி வேண்டும். ஃபிளாப்பி மவுண்ட் ஆகியிருந்தால் முதலில் அன்மவுண்ட் செய்யுங்கள். முடிந்ததும் சிங்க் கட்டளை கொடுத்து, டிரைவின் விளக்கு அணைந்த பிறகே வட்டை வெளியே எடுங்கள்.

வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும். ஒரு டிராக்குக்கு ஒரு சுற்று, அதாவது 0.2 வினாடி. இரண்டு பக்கமும் சேர்ந்து 160 டிராக்குக்குக் குறைந்தது 32 வினாடி. டிரைவின் படிக்கும், எழுதும் தலை நகரும் நேரமும் சேர்ந்தால் ஒரு நிமிடத்தை ஒட்டி ஆகும். ஐந்தே வினாடியில் வேலை முடிந்ததாகக் கட்டளை சொன்னால் நம்பாதீர்கள், ஃபிளாப்பி இன்னும் எழுதப்படவில்லை.

யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் எழுதலாமா?

தாராளமாக. இன்றைய கணினியில் வேறு வழியும் இல்லை. ஆனால் லினக்ஸுக்கு அது எஃப்டி0 அல்ல. ஸ்கஸி வட்டுபோல எஸ்டிபி, எஸ்டிசி என்று ஏதாவது ஒரு பெயரில் தெரியும். இங்கேதான் ஆபத்து. ஓஎஃப் என்ற இடத்தில் ஒரு எழுத்து மாறினால் டிடி உங்கள் ஹார்டு டிஸ்கின் தலையில் ஃபிளாப்பி இமேஜை எழுதிவிடும். உறுதியா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காது. எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்து, 1.4 எம்பி என்று காட்டும் சாதனம் எது என்று பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

இன்னொன்று: யுஎஸ்பி டிரைவுகள் பொதுவாக 1.44-ஐத் தாண்டிய ஃபார்மட்களை ஏற்பதில்லை. டாம்ஸ்ஆர்டிபிடி போன்ற பழைய ஒற்றை ஃபிளாப்பி லினக்ஸ்கள் 82 டிராக், 21 செக்டர் என்று இழுத்து 1.72 எம்பி வரை அடைத்தன. அவற்றுக்கு உள்ளே பொருத்தும் பழைய வகை டிரைவ்தான் சரிப்படும்.

அலமாரியில் இருக்கும் பழைய ஃபிளாப்பிகளை நம்பலாமா?

நம்பாமல் தொடங்குங்கள். ஜப்பானில் சோனி 2011 மார்ச்சோடு ஃபிளாப்பி விற்பனையை நிறுத்தியது. ஆக, உங்கள் கையில் இருப்பது புதிதாகப் பிரித்த பெட்டியாக இருந்தாலும் பழசுதான்.

டிரைவில் போடுவதற்கு முன் ஒரு வேலை. உலோக மூடியை விரலால் ஒதுக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் வட்டின் பரப்பைப் பாருங்கள். நடுவில் உள்ள உலோகக் குமிழைத் திருகினால் வட்டு சுற்றும், முழுவதையும் பார்த்துவிடலாம். பரப்பு ஒரே சீராகப் பளபளப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரப்பதம் உள்ள ஊர்களில் சர்வசாதாரணம். வளையம் வளையமாகக் கீறல் தெரிந்தாலும் அதே முடிவுதான்: குப்பைக் கூடை. பூஞ்சை பிடித்த வட்டைப் போட்டால் அது படிக்காதது மட்டுமல்ல, டிரைவின் தலையிலும் அழுக்கை அப்பிவிட்டுப் போகும். அப்புறம் நல்ல வட்டும் படிக்காது. அப்படி ஆகிவிட்டால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தலையை மெதுவாகத் துடையுங்கள். மேல் தலையைத் தூக்கி வளைத்துவிடாதீர்கள்.

பார்வையில் தேறிய வட்டுக்கு முழு ஃபார்மட் போடுங்கள். விண்டோஸின் விரைவு ஃபார்மட் உதவாது, அது பரப்பைச் சோதிப்பதில்லை. லினக்ஸில் எஃப்டிஃபார்மட் கட்டளை ஒவ்வொரு டிராக்கையும் எழுதித் திரும்பப் படித்தும் பார்க்கும். ஆனால் அது உள்ளே பொருத்திய டிரைவுக்கு மட்டும். யுஎஸ்பிக்கு யுஃபிஃபார்மட் என்று தனியாக ஒன்று உண்டு. கோப்பு வைக்கும்போது ஒரு பேட் செக்டரை ஒதுக்கிவிட்டுச் சமாளிக்கலாம். இமேஜுக்கு அந்தச் சலுகை கிடையாது, 2,880-ம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் அந்த வட்டு இந்த வேலைக்கு ஆகாது.

எழுத மறுத்தால் வட்டின் மூலையில் உள்ள தாழ்ப்பாளைப் பாருங்கள். ஓட்டை திறந்திருந்தால் எழுத்துத் தடை, மூடியிருந்தால் எழுதலாம். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை இல்லாத வட்டு 720 கேபி வகை, அது வேண்டாம்.

சரியாக எழுதியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வட்டைத் திரும்பப் படித்து இமேஜோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் சிஎம்பி கட்டளைக்கு இமேஜ் கோப்பையும் ஃபிளாப்பி சாதனத்தையும் கொடுத்தால் போதும். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் இரண்டும் ஒன்றே. வட்டை ஒருமுறை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் வட்டுக்குப் பதில் நினைவகத்தில் தங்கியிருப்பதையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும்.

பூட்டிஸ்க்.ஐஎம்ஜி எழுதிய வட்டை விண்டோஸிலும் திறக்கலாம். டாஸ் ஃபார்மட்தான். விஎம்லினக்ஸ், இனிட்ஆர்டி.ஐஎம்ஜி, சிஸ்லினக்ஸ்.சிஎஃப்ஜி எல்லாம் உள்ளே தெரியும். தெரிவது நல்ல அறிகுறி, ஆனால் முழுச் சோதனை ஆகாது. அடைவு நன்றாக இருந்து, கர்னலின் நடுவில் ஒரு செக்டர் போயிருக்கலாம்.

இமேஜ் மேலேயே சந்தேகம் என்றால் வட்டில் எழுதுவதற்கு முன் கியூஎமு என்ற மெய்நிகர் கணினி நிரலில் ஃபிளாப்பியாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே பூட் ஆகிறது, பெட்டியில் ஆகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது வட்டையும் டிரைவையும்தான்.

பயாஸில் என்ன மாற்ற வேண்டும்?

பூட் வரிசையில் ஏ முதலில், சி அடுத்து. பல பெட்டிகளில் டெலீட் விசை அழுத்தினால் உள்ளே போகலாம். பல வருடம் மின்சாரமே பார்க்காத பெட்டி என்றால் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். ஃபிளாப்பி டிரைவின் வகை “நன்” என்று மாறியிருக்கலாம், அதை 1.44, 3.5 அங்குலம் என்று மாற்றுங்கள். “வைரஸ் வார்னிங்” என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையேல் நிறுவலின் கடைசியில் பூட் லோடரை எழுதும் நேரத்தில் வந்து வழிமறிக்கும்.

பெட்டியைப் போட்டதும் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறது. திருப்பிச் செருகுங்கள்.

பாதியில் நின்றுவிடுகிறது. என்ன காரணம்?

எங்கே நிற்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒழுங்காக நடந்தால் திரையில் முதலில் சிஸ்லினக்ஸ் என்ற வரி, பூட் என்ற கேள்வி, பிறகு “லோடிங் விஎம்லினக்ஸ்” என்று புள்ளிகள், “லோடிங் இனிட்ஆர்டி” என்று இன்னும் புள்ளிகள், “அன்கம்ப்ரஸிங் லினக்ஸ்”, அதற்கப்புறம் கர்னலின் செய்திகள் மளமளவென்று ஓடும்.

புள்ளிகள் போடும்போது டிரைவ் கரகரவென்று ஒரே இடத்தில் முன்னும் பின்னும் போய் வந்தால் அது படிக்க முடியாத செக்டர். அதே இமேஜை வேறு வட்டில் எழுதுங்கள். புது வட்டில் வேறு இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் வட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தலையில் அழுக்கு, அல்லது எழுதிய டிரைவும் படிக்கும் டிரைவும் ஒத்துப்போகவில்லை. தலை மயிரிழை விலகியிருந்தாலும், தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும், அடுத்தது எழுதியதைப் படிக்காது. இதற்கு நல்ல வழி, பழைய பெட்டியில் டாஸோ விண்டோஸ் 98-ஓ இருந்தால் அதன் டிரைவிலேயே எழுதிவிடுவது. இல்லையென்றால் ஒரே டிரைவைக் கழற்றி இரண்டு பெட்டிக்கும் பயன்படுத்துங்கள். நான்கு திருகுகள், இரண்டு கேபிள், அவ்வளவுதான்.

“சிஆர்சி எரர், சிஸ்டம் ஹால்ட்டட்” என்று அன்கம்ப்ரஸிங் வரியில் வந்தால் கர்னல் முழுசாக வரவில்லை. வட்டு காரணமாக இருக்கலாம். நல்ல வட்டிலும் வந்தால் ராமைக் கழற்றி அதன் தொடுமுனைகளைத் துடைத்துச் செருகிப் பாருங்கள்.

கர்னல் செய்திகள் ஓடி முடிந்து நிறுவும் நிரல் நடுவில் நின்றால், அது ஃபிளாப்பியின் தவறே அல்ல. ரெட் ஹாட்டில் ஆல்ட்டோடு எஃப்3, எஃப்4 அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்ற பதிவுகள் தெரியும். ராம் போதாமை வழக்கமான காரணம். ரெட் ஹாட் 9 எழுத்து முறையில் நிறுவவே 64 எம்பி கேட்கும், வரைகலைக்கு 128 எம்பி.

பூட் என்று கேட்கும் இடத்தில் என்ன தட்டுவது?

சும்மா என்டர் போதும். பழைய பெட்டிகளுக்கு “லினக்ஸ் டெக்ஸ்ட்” என்று கொடுப்பது நல்லது, வரைகலைத் திரை தொல்லை தராது. சிடி தவிர வேறு இடத்தில் இருந்து நிறுவ “லினக்ஸ் ஆஸ்க்மெதட்”. ஹார்டு டிஸ்கில் ஐஎஸ்ஓ கோப்புகளை வைத்துக்கொண்டு நிறுவும் வசதியும் அதில் வரும், சிடி டிரைவ் இல்லாதவர்களுக்குப் பெரிய உதவி. டிரைவர் ஃபிளாப்பி கொடுக்க “லினக்ஸ் டிடி”.

சார்ஜில் கர்னல் ஏறிய பிறகு ரூட் ஃபிளாப்பியைப் போடச் சொல்லும். அவசரப்பட்டு விளக்கு எரியும்போதே வட்டை உருவாதீர்கள்.

புதிய லினக்ஸுக்கு இதே மாதிரி செய்ய முடியுமா?

நேரடியாக முடியாது. 2.4 கர்னல் வரை, வெறும் கர்னல் கோப்பை டிடி-யால் வட்டில் எழுதினாலே பூட் ஆகும், அதன் தலையிலேயே பூட் செக்டர் இருந்தது. 2.6-ல் அதை எடுத்துவிட்டார்கள். கர்னலும் பருத்துவிட்டது. ஃபெடோரா கோர் 2-ல் பூட் ஃபிளாப்பியே இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். பெட்டி 386 என்றால் 2013-ல் வந்த 3.8 கர்னலோடு கதவு மூடியாகிவிட்டது.

சுற்றுவழி ஒன்று உண்டு. பழைய கிரப் என்ற பூட் லோடரின் ஸ்டேஜ்1 கோப்பை முதல் செக்டரிலும், ஸ்டேஜ்2 கோப்பை இரண்டாவது செக்டரில் தொடங்கியும் எழுதினால் வட்டு கிரப் வரை பூட் ஆகும். நிறுவும் கர்னலையும் இனிட்ஆர்டியையும் ஹார்டு டிஸ்கின் ஒரு பகுதியில் முன்கூட்டியே போட்டு வைத்து, கிரப்பில் இருந்து அவற்றை ஏற்றுங்கள். ஃபிளாப்பியின் கொள்ளளவு அப்போது பிரச்சினையே இல்லை.

ஃபிளாப்பி டிரைவும் பாடாய்ப் படுத்துகிறது. வேறு வழி?

பெட்டியில் டாஸ் இருந்தால் லோட்லின், டாஸில் இருந்தே லினக்ஸ் கர்னலை ஏற்றிவிடும் நிரல். விண்டோஸ் ஜன்னலுக்குள் ஓடாது, சுத்தமான டாஸுக்குப் போய் ஓட்ட வேண்டும். ரெட் ஹாட் 9 சிடியில் இதற்கென்று ஆட்டோபூட் என்ற கோப்பையே டாஸ்யூட்டில்ஸில் வைத்திருக்கிறார்கள். டாஸில் சிடி டிரைவ் தெரிந்தால் அதை ஓட்டினாலே நிறுவல் தொடங்கிவிடும்.

ஃபிளாப்பி நன்றாகப் படிக்கிறது, சிடியோ யுஎஸ்பியோ பூட் ஆகவில்லை என்றால் ஸ்மார்ட் பூட் மேனேஜர் அல்லது பிளாப் பூட் மேனேஜரை ஒரு ஃபிளாப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். முன்னது சிடிக்கு, பின்னது யுஎஸ்பிக்கும். என் கணக்கில் இந்த இரண்டும்தான் பழைய பெட்டிக்காரர் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய ஃபிளாப்பிகள். வெளியீடு மாறும்போதெல்லாம் புதுசாக எழுதத் தேவையில்லை.

நிறுவி முடித்த பிறகு அந்த ஃபிளாப்பியை வைத்துக்கொள்ளவா?

நிறுவும் ஃபிளாப்பியை ஓரமாக வையுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் பெட்டிக்கே உரிய பூட் ஃபிளாப்பி. ரெட் ஹாட் 9 நிறுவலின் கடைசியில் “செய்து தரவா” என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். அப்போது விட்டுவிட்டால் பிறகு எம்கேபூட்டிஸ்க் கட்டளைக்குக் கர்னல் எண்ணைக் கொடுத்துச் செய்துகொள்ளலாம். சிடியில் வந்த கர்னல் என்றால் 2.4.20-8. யாராவது அதே பெட்டியில் விண்டோஸை மறுபடி நிறுவி கிரப்பை அழித்துவிட்டால், இந்த வட்டைப் போட்டு உள்ளே நுழைந்து கிரப்பைத் திரும்ப நிறுவலாம்.

அந்தப் பழைய லினக்ஸை இணையத்தில் இணைக்கலாமா?

வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வெகுகாலம் ஆகிறது. வீட்டுக்குள் கோப்பு மாற்றிக்கொள்ள மட்டும், ரவுட்டருக்குப் பின்னால், வெளியே கதவு எதுவும் திறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.